விழுந்தவன் எழுந்துகொள்கிறான்

பாங்கியோ
4 மார்ச் 2013

அன்புத் தம்பி ஹான்கியோல்,

ராணுவ முகாமில் இன்னும் பனி உறைந்துதான் கிடக்கிறதா? நான் அனுப்பிய காலுறைகள் வந்தனவா?

வேலை கிடைத்த சந்தோஷம் எனக்கு நிலைக்கவில்லை. கேம் தயாரிக்கிற கம்பெனி ஆயிற்றே, இங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டீம் முழுக்கச் சேர்ந்து கேம் ஆடுவது வழக்கம். என் கையிலும் கன்ட்ரோலரைத் திணித்தார்கள். நான் நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து கோடரியால் என் தலையைப் பிளந்தார்கள்.

"ஏம்மா, நீ கேமே ஆடினதில்லையா?" என்றார் டீம் லீடர் குக்.

"வரையத் தெரியும் சார்."

"வெறி இல்லாதவ வரைஞ்சா பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரிதான் இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். போர்வீரன் ஒருவன் அடிபட்டு விழுவதை இந்த மாதத்துக்குள் நான் வரைந்து காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அம்மாவின் கடையில் கிம்பாப் சோறு சுருட்ட வேண்டியதுதான். அம்மாவோ, படித்த மகள் கம்பெனியில் இருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வரைந்ததையெல்லாம் குக் திருப்பித் தள்ளுகிறார். "இவன் விழலம்மா, படுத்துக்கிறான்."

பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, காசு கொடுத்துக் கேம் ஆடும் பிசி கடையிலேயே கிடந்தவன் நீ. ஒருவன்மேல் அடி எப்படி விழும், சொல்லேன்.

உன் அக்கா
செயின்

*

முகாம்
12 மார்ச்

அக்கா,

சுவத்துல முட்டிக்கிட்டா நின்ன? மானத்த வாங்கிட்டியே! நான் ஏங்கின வேலை உனக்குப் போய்க் கிடைத்திருக்கிறது பார்.

கேட்டதற்குப் பதில். கேமில் அடிபட்டவன் பறந்துபோய் விழுவான். அது பொய். வயிற்றில் உதை விழுந்தால் உடம்பு மடங்கும். வாய் திறக்கும், சத்தம் வராது. கை சுவரைத் தேடும். விழுந்தவன் உடனே எழத்தான் பார்ப்பான், கிடந்தால் பூட்ஸ் விலாவுக்கு வரும். எழுந்ததும் தொப்பியைத் தேடி எடுத்து, தூசி தட்டி, நேராக வைத்துக்கொள்வான். அதை மட்டும் விட்டுவிடாதே.

எனக்கு இப்போது கேம் பிடிப்பதில்லை. லீவில் எல்லாரும் பிசி கடைக்கு ஓடுகிறார்கள், நான் தூங்குகிறேன்.

நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். பார்க்க வர வேண்டாம், இங்கே வேலை அதிகம்.

ஹான்கியோல்

*

பாங்கியோ
27 மார்ச்

தம்பி,

நீ சொன்னபடியே வரைந்தேன். குக் மேசையைத் தட்டினார். "இதுதான்! வெறி இல்லாம இப்படி வருமா? திருட்டுத்தனமா ஆடுற, ஒத்துக்க!" வேலை நிரந்தரம் என்றார்.

பிறகு படத்துக்கு அசைவு கொடுத்துப் பெரிய திரையில் போட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பொத்தானை அழுத்தி அவனை அடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் மடங்கினான், சுவரைத் தேடினான், எழுந்து தொப்பியைத் தட்டி வைத்துக்கொண்டான். "பாருங்கடா, அடுத்த அடிக்கு ரெடியா நிக்கிறான்!" என்று கூச்சல். இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதை நீ எந்தக் கேமிலும் பார்த்திருக்க முடியாது.

நான் சத்தமாகப் பேசி நீ கேட்டதில்லை. "நிறுத்துங்க! அது என் தம்பி!" என்று கத்தினேன்.

"படம்தானேம்மா," என்றார் குக்.

படத்தைத் திருப்பிக் கேட்டேன். அதை எடுத்தால் வேலை இல்லை என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன்னை அடிப்பது யார்? பெயரை எழுத வேண்டாம், நேரில் சொல். நீ வேண்டாமென்றாலும் ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை முகாம் வாசலில் நிற்பேன்.

செயின்

*

முகாம்
4 ஏப்ரல்

அக்கா,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. எப்பேர்ப்பட்ட வேலை! யாராவது விடுவார்களா?

பிறகு யோசித்தேன். அந்த அறையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? என் முறைக்காக அடித்துப் பிடித்து நின்றிருப்பேன். எல்லாரையும்விட ஓங்கி அடித்திருப்பேன், சிரித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை வா. அம்மா வேண்டாம், நீ மட்டும். வறுத்த கோழி கொண்டு வா, ஆறினாலும் பரவாயில்லை.

வந்தால் என் வலப்பக்கம் உட்கார். இடது காது கேட்பதில்லை.

ஹான்கியோல்