ஆஞ்சலா அக்காவும் என் வலது கையும்

9 ஜூன் 1998, செவ்வாய்

"கை மேலே வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க, மேடம்?" என்று கேட்டார் பிசியோதெரபிஸ்ட் டென்சில். தோள்பட்டையைப் பார்க்க வேண்டியவருக்கு இது எதற்கு? நாலு மாதமாக வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. கரும்பலகையின் கீழ்ப் பாதியில்தான் புள்ளியியல் நடத்துகிறேன். பின் பெஞ்சுப் பெண்கள் எழுந்து நின்று எழுதிக்கொள்கிறார்கள்.

"வீட்ல எதெல்லாம் தூக்குறீங்க?"

"ஒண்ணுமில்லை" என்றேன்.

தினமும் விரல்களால் சுவரில் ஏறி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு போட வேண்டுமாம்.

10 ஜூன்

சொன்னது பொய். ஆஞ்சலா அக்காவைத் தூக்குகிறேன். என் கணவர் ஹெர்பர்ட்டின் அக்கா. இரண்டு வருடம் முன்பு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். எலும்பு கூடிவிட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் அக்குளில் கை கொடுத்து, கட்டிலுக்கும் நாற்காலிக்குமாக.

ஆள் வைக்கலாம் என்றால், "வெளி ஆளு கை என் மேல படறதா? அதுக்கு என்னைக் கல்லறைத் தோட்டத்துல கொண்டுபோய் விட்டுடு!" ஹெர்பர்ட் பேப்பரைப் பெரிதாக விரித்துக்கொள்வார்.

28 ஜூன்

கோடு நகரவில்லை.

11 ஜூலை, சனி

விடைத்தாள் திருத்த ஆறு நாள் மைசூர். திரும்பியதும் சுவரில் விரல் வைத்தேன். பழைய கோட்டுக்கு மேல் இரண்டு அங்குலம்! இந்த ஆறு நாளும் அக்காவைத் தூக்கிய ஹெர்பர்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

18 ஜூலை

மறுபடி பழைய கோடு. ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று வகுப்பில் சொல்கிறவள் நான். இருந்தும் டென்சிலிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்" என்றார்.

20 ஜூலை, திங்கள்

வந்தார். நான் தூக்குவதைப் பார்த்தார். என் தோளைத் தொடவேயில்லை. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"எந்த சர்ச்சுப்பா நீ? ஆஸ்டின் டவுனா?"

"ஆமா ஆன்ட்டி."

அரை மணி நேரம் சர்ச் வம்பு. அதற்குள் அக்காவின் கால்களை மடக்கி, நீட்டி, தள்ளிப் பார்த்துவிட்டார். வெளி ஆளின் கை! அக்கா கவனித்ததாகவே தெரியவில்லை.

வாசலில் சொன்னார்: "கால்ல பலம் இருக்கு, மேடம். பயம்தான். எழுந்திருக்கலாமான்னு அவங்க நினைக்கிறதுக்குள்ள நீங்க தூக்கிடுறீங்க."

எட்டு மணிக்கு முதல் வகுப்பு. இதுல நினைக்க விட நேரமெங்க இருக்கு? அப்போ ரெண்டு வருஷமா நானா அவங்களைக் கட்டில்ல போட்டு வச்சேன்? நானா? என்ன பேசுறாரு இவரு —

14 ஆகஸ்ட், வெள்ளி

வாரம் மூன்று நாள் டென்சில் வருகிறார். அவர் பக்கத்தில் இருந்தால் அக்கா எழுந்து நிற்கிறார். என்னைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டுகிறார். என் கையும் தானாகப் போய்விடுகிறது.

"நாளைக்கு லீவுதானே, மேடம். பக்கத்துலயே உட்காருங்க, கை மடியில இருக்கட்டும். விழுற மாதிரி இருந்தா மட்டும் பிடிங்க."

விழுந்து மறுபடி முறிந்தால்? மிச்ச ஆயுளும் எனக்கு அந்தக் கட்டிலோடுதான். விழாவிட்டாலும் இப்படியே தூக்கிக்கொண்டிருந்தால் அதேதான்.

15 ஆகஸ்ட், சனி

ஆறு மணி. "கேத்தரின்!"

போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அக்கா கைகளை நீட்டினார். நான் நீட்டவில்லை.

"கல்நெஞ்சுக்காரி. காலேஜ்ல இதான் சொல்லித் தர்றியா?" பிறகு அழுதார். விரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டேன்.

ஆறு இருபதுக்குக் கட்டில் கம்பியைப் பிடித்து, டென்சில் பழக்கியபடி முன்னால் நன்றாகக் குனிந்து, எழுந்தார். நடுங்கிக்கொண்டே திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன பாக்குற? போய் காப்பி போடு."

போட்டேன்.

மாலை ஆறுக்குக் கூப்பிடவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு வரைக்கும் போய் நின்றேன். உள்ளே போகவில்லை.