பாகவதர் செய்தி வந்த திங்கட்கிழமை

லிந்துலை,
8.11.1959

அன்புள்ள சோலைமலை அண்ணா அவர்களுக்குத் தங்கை தெய்வானை வணக்கத்துடன் எழுதுவது.

அம்மாவும் நானும் நலம். அப்பாவைப் பற்றி அப்படி ஒரே சொல்லில் எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய சேலை வந்து சேர்ந்தது. அம்மா அன்றைக்கே கட்டிக்கொண்டாள். யார் அனுப்பியது என்று அப்பா கேட்கவில்லை. கரையை மட்டும் இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மழை விடவில்லை. ஆடியிலிருந்து நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். மாஸ்டர் பழைய பத்திரிகைகளை எனக்கென்று எடுத்து வைக்கிறார். அடுப்பு வெளிச்சத்தில் வாசிக்கிறேன் என்று அம்மாவுக்குக் கோபம். மற்றபடி குறையில்லை.

அப்பாவுக்கு மார்ச்சளி ஐப்பசிக் குளிரோடு முற்றிவிட்டது. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு நடந்து போகவும் மூச்சு இல்லை. தோட்டத்தில் உங்கள் பேரைப் பதிந்து வேலைக்குக் கூப்பிட்ட காலையில் நீங்கள் கொழும்புக்கு ரயிலேறிய நாளிலிருந்து, இந்த இரண்டு வருடமாக, அவர் உங்கள் பெயரை எடுத்ததில்லை. எங்களையும் எடுக்க விட்டதில்லை. அது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

போன திங்கட்கிழமை நடந்ததை எழுதுகிறேன். அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அடுப்படியில் கொத்தமல்லி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் சிநேகிதன் அழகன் வாசலில் வந்து நின்றார். இஸ்ஸதீன் நானா கடை ரேடியோவில் சொன்னார்களாம், பாகவதர் இறந்துவிட்டார் என்று.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். பிறகு, “தப்ப எடுத்தாடா” என்றார். அழகன், “யாருக்கு பெரியப்பா?” என்று கேட்டார். “இத்தன வருசம் பாடிப் போட்டவனுக்குத்தான். நம்மகிட்ட வேற என்னா இருக்கு குடுக்க?” என்றார் அப்பா. அழகன் தப்புப் பறையை எடுத்துவந்து அடிக்க ஆரம்பித்தார். தடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பெரிய மனிதர்களின் மரணத்தைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். எங்கள் லயத்து வாசலுக்கு அப்படி ஒன்று வரும் என்று நினைத்ததில்லை.

லயத்தில் சாவுத் தப்பின் சத்தம் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. யாருக்கு என்று நின்று கேட்பவர்கள் இல்லை. மலையில் இருந்தவர்கள் கூடையை வைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள். சத்தம் நம் லயத்துப் பக்கமிருந்து வந்தது. நோயாளி இருக்கும் வீடு நம்முடையது. அம்மா முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மேட்டிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். அப்பாவும் நானும் வாசலில் நின்று கேட்டோம். “பெத்த மகன் பக்கத்துல இல்லாம, கொள்ளி வைக்க ஆளில்லாமப் போனியே” என்றுதான் அவள் அழுதாள். ஒரு சொல்லும் விடாமல் காதில் விழுந்தது.

வாசலுக்கு வந்தவள் அப்பாவைப் பார்த்தாள். “அடப் பாவி மனுசா! நான் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடியாறேன், நீங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்களா?” என்று பிடித்துக்கொண்டாள். “எனக்குன்னா எம்புட்டு வேகமா வருவேன்னு பாத்தேன்” என்று அப்பா சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அம்மா மறுபடியும் உட்கார்ந்து அழுதாள். மனுசன்தான் உயிரோட இருக்காரே, இன்னும் என்ன அழுகை என்று அடுத்த வீட்டு வேலாயி அக்கா கேட்டதற்கு, “வந்த அழுகைய எங்கடி கொண்டுபோயி வைக்கிறது?” என்றாள்.

கணக்கப்பிள்ளை குடையோடு வந்து, எந்த லயத்தில் சாவு என்று அதட்டினார். “பாகவதருங்க, எல்லா லயத்துக்கும் சாவுதாங்க” என்றார் வேலாயி அக்கா. அவர் குடையைத் தாழ்த்திப் பிடித்தார். பிறகு எல்லோருக்கும் அரைநாள் பேர்தான், அரைச் சம்பளம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரத்திலிருந்து அப்பா மாறிவிட்டார். “கொழும்புல இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்ல?” என்று என்னிடம் கேட்டார். தெரிந்திருக்கும் என்றேன். “அந்த நேரம் எங்க இருந்தாங்களோ. கேட்டதும் என்னா செஞ்சாங்களோ.” கொழும்பில் அவருக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், அண்ணா. பிறகு, அட்டன் கொட்டகைக்கு உங்களைத் தோளில் தூக்கிப்போய்ப் பாகவதர் படம் பார்த்த கதையைச் சொன்னார். பாதியில் நீங்கள் தூங்கிவிட்டீர்களாம். உட்கார்ந்தால் விழித்துக்கொள்வீர்கள் என்று முடியும் வரை நின்றபடியே பார்த்தாராம். இதை நீங்கள் அறிவீர்களோ என்னவோ, நான் இதுவரை கேட்டதில்லை.

வியாழக்கிழமை டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்தார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்கிறார். நாங்கள் கெஞ்சிப் பார்த்துவிட்டோம். “வரட்டும், போகலாம்” என்கிறார் அப்பா. யார் வரட்டும் என்று அம்மா கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, “பாகவதரு சேதி வந்தப்ப எங்க இருந்தாங்கன்னு ஒரு வார்த்த கேட்டு எழுது” என்றார். அவரால் கேட்க முடிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க அவருக்கு மூச்சும் இல்லை.

அதற்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டாம், அண்ணா. ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

மாரியம்மன் துணை.

வழி பார்த்திருக்கும் தங்கை,
தெய்வானை