லாபத்தை மட்டும் காட்டுகிறவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் மூட்டுவலி குறைந்ததா? மறைக்காமல் எழுது.

பெரியப்பா மகன் பங்குச்சந்தையில் சம்பாதித்துக் கார் வாங்கியதைப் போனில் திரும்பத் திரும்பச் சொன்னாய். இங்கே சலவை ஆலையிலும் அதே கதைதான். டீ இடைவேளையில் ஆளாளுக்குப் போனை நீட்டி, தங்கள் பங்கு எவ்வளவு ஏறியது என்று காட்டுவார்கள். என் பங்கும் ஏறித்தான் இருந்தது. எனக்கு அது போதும் என்றுதான் இருந்தேன். போன வாரம் எங்கள் ஆலை வேன் டிரைவர் தன் லாபத்தைக் காட்டியதும் என்னுடையது நஷ்டம் போலத் தெரிந்தது. விற்றுவிட்டு அவர் வாங்கியதையே வாங்கப் போனேன். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று அவரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? எல்லாரும் வாங்குறாங்க, நீயும் வாங்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "சரிண்ணே, லாபத்தைப் பாத்தாச்சு. நஷ்டத்தையும் காட்டுங்க, பாப்போம்" என்றேன். டிரைவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் விற்கவில்லை. இப்போது எனக்குப் பெயர் 'சாமியாரம்மா'. டீக்கும் கூப்பிடுவதில்லை. போகட்டும், துணி மடிக்கும் மேசையருகே நின்று நானே குடித்துக்கொள்கிறேன். என் பணம் அதன் வேகத்தில் வளரும். நீயும் அந்தக் காரை வைத்து என்னை அளக்காதே.

அலமாரியில் இருக்கும் என் ஸ்வெட்டரை யாரிடமாவது கொடுத்தனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதே; பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் பிடிவாதக்கார மகள்