கண்மை மீசை

ஏட்டி,

இன்று காலை ஏரல் பேருந்து நிலையத்தில் என் சட்டக் கல்லூரி மாணவிகள் இருவர் தெரு நாடகத்துக்காக ஒருத்திக்கு ஒருத்தி கண்மையால் மீசை வரைந்துகொண்டிருந்தார்கள். அந்த மையின் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்ன மேடம்?" என்றார்கள். உன்னைப் பற்றி எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? ஒன்றுமில்லை என்றேன். உனக்கே எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

சட்டக் கல்லூரியில் நமக்கு மூன்றாம் ஆண்டு. மக்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்க இதே ஏரல் ஆற்றங்கரையில் ஓர் ஊருக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் கூட்டம். வந்தவர்கள் ஏழு பேர். நான் சொத்துரிமையைப் பிரிவு பிரிவாக ஒப்பிக்க, முன்வரிசைப் பெரியவர் குறட்டை விட்டார். திரும்பும் பேருந்தில் எனக்கு அழுகை முட்டியது. நீ பாளையங்கோட்டை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாய். "நாம எதுக்குட்டி ஆள் சேக்கணும்? ஆள் நிக்குத இடத்துக்கு நாம போவோம்" என்றாய்.

அடுத்த வாரம் அதே ஊரின் ரேஷன் கடை வாசலுக்குப் போனோம். அரிசிக்கு நிற்கும் நீண்ட வரிசை. நாம் போட்ட நாடகத்தில் நீ, தங்கையின் பங்கைப் பறிக்க வரும், கண்மையால் மீசை வைத்த அண்ணன். நான் அப்பாவித் தங்கை. "பட்டா மாத்துததுக்குத்தான் தாயி, சும்மா ஒரு கைநாட்டு" என்று நீ குழைந்த குழைவில் எனக்கே உன் மேல் வெறுப்பு வந்தது. நான் கட்டைவிரலை நீட்டினேன். வரிசையிலிருந்து ஓர் அக்கா பாய்ந்து வந்து, காலிப் பையால் உன் முகத்தில் ஓங்கி ஒன்று விட்டாள்.

"நாசமாப் போறவனே, கூடப் பொறந்தவளையா ஏமாத்துத?"

மீசை காதுவரை இழுபட்டுவிட்டது. ஊரே சிரித்தது. நீயும்தான். அடித்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் அவள் நம்மிடம் வந்தாள். பெயர் செல்லத்தாய் என்றாள். வாழைத் தோட்ட வேலை. அப்பா விட்டுப்போன வீட்டில்தான் இருக்கிறாள். "எங்கண்ணனும் நாளைக்குப் பத்திர ஆபீசுக்கு வரச் சொல்லுதான். பட்டாவுக்குன்னுதான் சொன்னான்."

"நாங்க இன்னும் வக்கீல் ஆவலக்கா, படிக்குதோம்" என்றாய். "ஒண்ணே ஒண்ணு. சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. வெளங்காம கை வைக்காதீங்க."

"வாசிக்கச் சொன்னா கோவப்படுவானே?"

"கோவப்பட்டா அதுலயே தெரிஞ்சிரும்லா."

மறுநாள் தேர்வை விட்டுவிட்டு நாமும் போனோம். பத்திரம் எழுதுபவரின் திண்டாட்டமும் அண்ணனின் முறைப்பும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. செல்லத்தாய் வாய் திறக்கவில்லை. நான் குறுக்கே பேசப் போனேன். நீ என் தொடையில் கிள்ளினாய். "அவங்க பேசட்டும்."

எவ்வளவு நேரமோ. பிறகு மெல்லிய குரலில், "அய்யா, அதை வாசிங்க" என்றாள். அவர் வாசித்தார். வீட்டில் தனக்குள்ள பாகத்தை அண்ணனுக்கே விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. மை தடவியிருந்த கட்டைவிரலை அவள் முந்தானையில் துடைத்தாள்.

"ஒனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?" என்று அண்ணன் கத்தினான்.

அவள் உன்னைக் காட்டினாள். "நேத்து மீசை வச்சிருந்த பிள்ள."

ஏழெட்டு மாதம் அண்ணன் தங்கைக்குள் பேச்சில்லை. பிறகு பெரியவர்கள் பேசி, வீட்டில் தெற்குப் பாகம் அவளுக்கு என்று முறையாகப் பதிவானது. அடுத்த வருடம் அந்த அண்ணனே ஒரு வாழைத்தாரோடு கல்லூரிக்கு வந்து நின்றானே! யாரோ அவனிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து கேட்டார்களாம். "மீசைக்காரப் பிள்ள எங்க? இத வாசிச்சுச் சொல்லணும்" என்றான். விடுதி முழுக்க மூன்று நாள் வாழைப்பழம் தின்றோம்.

நீ போய் நான்கு வருடம். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மேலப்பாளையத்து வீட்டுக்கு அண்ணனும் தங்கையும் சேர்ந்தே வந்தார்கள். உன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பிள்ளைய நான் பையால அடிச்சேன்மா" என்று செல்லத்தாய் அழுதாள். "அவ சொல்லியிருக்கா" என்ற உம்மா, அத்தனை அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டார்.

இன்று நாடகம் முடிந்து எல்லோரும் போனபின், ஒரு சின்னப் பெண் மட்டும் துப்பட்டா நுனியை முறுக்கியபடி நின்றாள். என் மாணவிகளில் ஒருத்தி முந்திக்கொண்டு, "பயப்படாதீங்க, சட்டத்துல..." என்று தொடங்கினாள். மாணவியின் கையை அழுத்தினேன். நிறுத்திக்கொண்டாள்.

நால்வரும் படியில் உட்கார்ந்தோம். இரண்டு பேருந்துகள் போயின. மூன்றாவதும் போனபிறகு, அந்தப் பெண் பைய வாய் திறந்தாள்.