புளியில் கரைந்த வரிகள்

14-3-1978, செவ்வாய்

இங்கே தல்லாகுளத்தில் பேசிக்கொள்வதுபோல் நான் சோழி உருட்டிக் குறி சொல்பவள் அல்ல. மண்டபம் கடற்கரையில் நான் எடுத்த நத்தை ஓடு எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம். அதன் வரிகளை எண்ணி, வரைந்து, விவரித்து எழுத ஓராண்டு ஆயிற்று. அவர் போனபின் நானாகச் செய்த ஒரே வேலை.

நாளை அருங்காட்சியகத்துக்கு அனுப்ப இருந்தேன். இன்று காலை நாத்தனார் அதைப் பித்தளைக் கிண்ணத்தோடு புளித்தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறாள். மாலையில் எடுத்து நீட்டினாள்.

"பாருங்க மதினி, எம்புட்டு அழுக்கு! பளிச்சுனு ஆக்கிட்டேன்ல?"

வரிகள் கரைந்துவிட்டன. இருந்தது ஒன்றுதான். கிண்ணத்தில் வைத்தது என் தவறு. மறுபடி கடற்கரையில் தேட என் முழங்கால்கள் விடா.

அருங்காட்சியக ஆய்வாளருக்கு எழுதிவிட்டேன். கடைசி வரி இது: "படமும் விவரிப்பும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன; புது இனமென்று ஏற்க அவை போதுமா? போதாது என்றாலும் எழுத்தில் பதில் தரவும்."