அது அதாபு இல்லை, உம்மா

என் பிரியமுள்ள உம்மா,

நீ அடங்கியிருக்கிற மையவாடிக்குள் பெண்களை விட மாட்டார்கள். அதனால் மேலப்பாளையத்து வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தபடியே உனக்கு ஸலாம் சொல்லுகிறேன். கேட்கிறதா?

முதலில் வீட்டுச் செய்தி. தம்பி சவூதியிலிருந்து கேசட்டில் பேசி அனுப்பியிருந்தான். பாதி நேரம் அழுகைதான். வாப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு நாடா சிக்கிக்கொண்டது. நீ பீடி சுற்றிய தட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

நேற்று உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. தெருப் பெண்களெல்லாம் வந்திருந்தார்கள். அங்கேதான் நான் சண்டை போட்டேன், அதாபு என்ற ஒரு வார்த்தைக்காக.

உனக்கு அந்த வார்த்தை எவ்வளவு பழக்கம். பீடி இலை காய்ந்து வந்தால், "இந்த இலையோட ஒரே அதாபு" என்பாய். கரண்ட் போனால் அதாபு, ரேஷன் கடை வரிசை அதாபு, பெற்ற பிள்ளைகள் நாங்களும் அதாபு. கபுருக் குழிக்குள் பாவிக்கு அல்லாஹ் கொடுக்கிற வேதனையின் பெயரை, மண்ணெண்ணெய் தீர்ந்ததற்கெல்லாம் செலவழித்தவள் நீ.

ஆனால் முதுகெலும்பில் புற்று வந்து, தலையணை உறையை நீ பல்லால் கிழித்த நாட்களில் அந்த வார்த்தை உன் வாயில் வரவே இல்லை. வலிக்குது என்றுதான் கத்தினாய். நோய் விசாரிக்க வந்த அடுத்த வீட்டு மைமூன் மாமி, உன் காலை அமுக்கிக்கொண்டே, "அதாபுல்ல படுதா" என்று என் காதில் சொன்னாள். உனக்குக் கேட்டுவிட்டது.

"நான் யாருக்கு என்ன செஞ்சேன், அதாபு வர? வலிக்குது, அவ்வளவுதான்."

"சபுரா, பொறுமையா இரி மைனி. சத்தம் போடாத."

"சபுராவும் இருக்கேன், சத்தமாவும் இருக்கேன்."

மாமி போனபிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்துக் கிடந்தாய். உள்ளுக்குள் பயந்தாயா உம்மா? நான் கேட்கவில்லை.

நேற்று துஆ முடிந்ததும் அதே மாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அவ அதாபையெல்லாம் இந்த துனியாவுல இருக்கும்போதே அனுபவிச்சிட்டா. இனி கபுருல நிம்மதியா இருப்பா."

ஆறுதலாகத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். பெண்கள் ஆமீன் என்றார்கள். கையிலிருந்த நெய்ச்சோற்றுத் தட்டைக் கீழே வைத்தேன்.

"எங்க உம்மாவுக்கு அதாபு வரல மாமி. நோய் வந்துச்சு. அதாபு தப்பு செஞ்சவங்களுக்கு."

"மௌத்தான வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ள இப்படியா பேசுவா?"

"எங்க உம்மா பேசுனா. நானும் பேசுதேன்."

மாமி சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். போய் மன்னிப்புக் கேள் என்றார் வாப்பா. சாயங்காலம் தூக்குவாளியில் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் வாங்கிக்கொண்டாள்.

இன்று காலையில் உன் பேத்தி கொசுவை அடித்துக்கொண்டே, "இந்தக் கொசுவோட ஒரே அதாபு" என்றாள். அச்சு அசல் உன் குரல். அதட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன். கொசுவுக்கு அந்த வார்த்தை இருந்துவிட்டுப் போகட்டும். உன் மேல் அதைப் போட யாரையும் விட மாட்டேன். நாளைக்கு இதே வலி எனக்கு வந்தாலும், தெருக்கோடி வரை கேட்க, வலிக்குது என்றுதான் கத்துவேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன்னைப் போலவே வாய் அடங்காத,
உன் மூத்த மகள்