ஷட்டர் இறங்கும் சத்தம்

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு பரவாயில்லை. அப்பா போய் மூன்று மாதம் ஆகியும் வீட்டில் கிரீஸ் வாடை போகவில்லை. காலையிலிருந்து போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் உன் ஊர் பஸ் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்தத் தெருவில் கடையை ஒரேயடியாக மூடுகிறவர்கள் தங்கள் கையால் ஷட்டரை இறக்கமாட்டார்கள். ஷட்டர் மெக்கானிக்கான அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் மெதுவாக, ஒரே இழுப்பில் இறக்குவார். அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம்.

இப்போது விடியற்காலையில் அது கேட்கிறது. போய்ப் பார்த்தால் தெருவில் ஆள் இல்லை. எந்தக் கடைப்பக்கம் கேட்கிறதோ, கொஞ்ச நாளில் அந்தக் கடை போய்விடுகிறது. முதலில் செருப்புக்கடை, பிறகு ஜெராக்ஸ் கடை. இரண்டும் நேற்று முளைத்தவை. மாடிவீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன். "அண்ணன் செத்தும் வேலைய விடல போல" என்று சிரித்தார். அப்புறம், தன் கடைப்பக்கம் கேட்டதா என்று மெல்ல விசாரித்தார்.

மூணு வருஷம் தாண்டிய கடை பிழைத்துக்கொள்ளும் என்பார் அப்பா. உன் கடை தாண்டிவிட்டதே என்று நானும் தைரியமாக இருந்தேன். போன வாரம் கடைகளின் வயதைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். அவளிடம் இதைச் சொன்னேன். "அப்படி இல்லம்மா. ஊர் ஊரா பாத்துட்டேன். பழசு புதுசுன்னு பாக்காம வருஷா வருஷம் நூத்துக்கு இத்தனைன்னு அதே அளவு கடைங்க விழுந்துட்டேதான் இருக்கு. அதனாலதான் வயசான கடையே கம்மி" என்றாள். மறுநாள் மருந்துக்கடைப் பக்கம் சத்தம். உன் தாத்தா காலத்துக் கடை அது. நேற்று காலி செய்துவிட்டார்கள்.

இன்றைக்குச் சத்தம் தெருவில் இல்லை. வீட்டுக்குள், என் தலைமாட்டில் கேட்டது. கனத்த ஷட்டர் இல்லை, லேசானது. நடுவில் ஒரு தரம் சிக்கி இறங்கியது. உன் கடைக்கு அப்பா மாட்டிய ஷட்டர்தான் அப்படிச் சிக்கும்.

கடை போனால் போகட்டும். மற்றவர்கள் எல்லாரும் கடையைத் தொலைத்தாலும் உயிரோடுதான் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் நீ ராத்திரியில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே படுக்கிறவன்.

அப்பா உன்னைப் பார்த்துக்கொள்வார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

டிரைவர் வந்து ஷட்டரைத் தட்டுவார். எழுந்து திற, சாமி.

நீ நூறு வயது இருக்கவேண்டும் என்று கேட்கும்,
அம்மா